டிசி வாங்க வந்த பிள்ளைகள்

இன்று டிசி வாங்க என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். சீருடை இல்லாமல் பார்த்தால் இரண்டு பேரை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

தோவாளையில் பூ கட்டும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி நாகர்கோவில் கோணம் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். "பொட்டப்பிள்ளைக்கு கரண்டு வேலையா?" என்று மாமா கேட்டாராம். "வீட்டு மோட்டாரைச் சரிசெஞ்சதே நாந்தானே டீச்சர்" என்றாள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அது கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். ஐடிஐக்கும் உண்டு என்று சொன்னதும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நீட் எழுதியவளுக்கு கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரிதான் வேண்டுமாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கலந்தாய்வு வரட்டும். குளச்சல்காரி தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கு மனு போட்டிருக்கிறாள். கடலை அவளுக்குப் புதிதாக யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். மற்றபடி நர்சிங், பி.காம். என்று வழக்கமான கூட்டம்.

அப்புறம், ஒருத்திக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. 18 ஆகிவிட்டது, சட்டப்படி நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் மனசு ஆறவில்லை. தபால்வழியில் டிகிரி படிப்பேன் என்கிறாள். கல்யாணப் பத்திரிகையோடு ஃபீஸ் கட்டின ரசீதையும் கொண்டு வா மக்ளே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.