அஞ்சு நிமிஷமும் 90 சென்டிமீட்டர் நூலும்

போன வாரம் எங்க கிளாஸ்ல ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பிரசன்டேஷன். உங்கூரைப் பத்தி எதாச்சும் ஒண்ணு எடுத்துக்கங்க, ஆறாவது நிமிஷம் நான் எந்திரிச்சு நிப்பேன், அதோட நிறுத்திறோணும்னு மேடம் சொல்லிட்டாங்க. நான் எங்க ஈரோட்டுப் பக்கம் ஓடற காலிங்கராயன் வாய்க்கால எடுத்துக்கிட்டேன். அதுக்கு யோசிக்கவே இல்லீங்க, எங்க அப்பாரு, அதாவது எங்கப்பாவோட அப்பா, அவரு தோட்டத்துக்குப் பாயற தண்ணி அது, லீவு விட்டா நாங்க புள்ளைங்க எல்லாம் ஒட்டுக்கா அந்தக் கரையிலதான் கெடப்போம்.

தெரிஞ்ச விஷயம், அஞ்சு நிமிஷம்தானேன்னு நெனச்சேன். ஆனா தெரிஞ்ச விஷயத்தைப் பேசறதுதான் கஷ்டம்னு ரெண்டு நாள்ல புரிஞ்சுது, ஏன்னா எதையும் விட மனசு வரல.

மொதல்ல 22 ஸ்லைடு போட்டேன். 1271ல வெட்ட ஆரம்பிச்சு 1283ல முடிஞ்சதா சொல்றது, பவானி ஆறு காவேரியில கலக்கறதுக்கு சித்த முன்னாலயே அணை கட்டித் தண்ணியத் திருப்புனது, அங்கிருந்து ஈரோடு வழியா கொடுமுடிப் பக்கம் போயி நொய்யல்ல சேர்றது, நீளம் சுமார் 90 கிலோமீட்டர், பாசனம் 15,000 ஏக்கருக்கு மேல, அப்பறம் வெட்டுன காலிங்கராயன் குடும்பமே இந்தத் தண்ணிய அனுபவிக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணீட்டு பொள்ளாச்சிக்கிட்ட இருக்கற ஊத்துக்குழிப் பக்கம் போயிட்டாங்கன்னு சொல்ற கதை, அது பத்தாதுன்னு 1955ல முடிஞ்ச பவானிசாகர் அணை, கீழ்பவானி வாய்க்கால், 2019ல ஈரோட்டு மஞ்சளுக்குக் கெடச்ச புவிசார் குறியீடு, கருங்கல்பாளையம் பக்கம் சாயத்தண்ணியும் தோல் பட்டறைத் தண்ணியும் வந்து கலந்தது, அதைத் தனியாப் பிரிச்சு விடறதுக்கு ஓரமா கட்டுன பேபி வாய்க்கால், எல்லாம் இருந்துச்சு. ராத்திரி போன்ல டைமர் வெச்சுப் பேசிப் பாத்தேன், 11 நிமிஷம் 40 செகண்டு. இத்தனைக்கும் மூச்சு வாங்கற வேகத்துல பேசி.

வேகமாப் பேசி அஞ்சு நிமிஷத்துக்குள்ள அடைக்கலாம்னுதான் மறுபடி மூணு தடவ முயற்சி பண்ணுனேன். அப்படிப் பண்ணாதீங்க. ரெக்கார்டு பண்ணி நானே கேட்டேன், ஊர்ப் பேரும் வருஷமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஓடுது, ஒண்ணுமே மனசுல நிக்கல.

சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தப்ப அப்பாருகிட்ட இதைச் சொல்லிப் பொலம்பிட்டு இருந்தேன். அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, வாய்க்கா ஏன் கோணக்கோணயாப் போவுதுன்னு அவிங்களுக்குச் சொன்னியா?"ன்னாரு. பாம்பு போன தடத்துல வெட்டுனாங்கன்னு சொல்வாங்களே அப்பாருன்னு சொன்னேன். "செரி, பாம்பு காட்டுச்சு. அந்தத் தடத்துல தண்ணி ஏன் போச்சு?"

எனக்குப் பதில் தெரியல. அவரு மம்முட்டிய எடுத்துக்கிட்டு மடைக்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அங்க மண்ணு கொஞ்சம் சரிவா இருக்கும். மேட்டுல இருந்து கீழ நேரா ஒரு கோடு இழுத்தாரு, பக்கத்துலயே சரிவை ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு லேசா எறங்கற மாதிரி இன்னொரு கோடு. ரெண்டுலயும் தண்ணி விட்டாரு. நேர்கோட்டுல விட்ட தண்ணி குடுகுடுன்னு ஓடி மண்ணை அரிச்சுக்கிட்டுக் கீழ போயி குட்டையா நின்னுச்சு. வளைஞ்ச கோட்டுல விட்டது நடக்கற மாதிரி மெதுவாப் போச்சுங்க, கரை ஒடையல, எங்க வேணாலும் ஒரு வெரல் வெச்சுக் கரையக் கீறுனா போதும், கீழ்ப்பக்கம் பூரா நனைஞ்சுச்சு. "தண்ணிக்கு மேடு ஏறத் தெரியாது, பள்ளத்துல விட்டா நிக்கத் தெரியாது, மட்டம் பாத்துக் கூட்டிட்டுப் போவோணும்"னாரு. அம்புட்டுதான், மம்முட்டியக் கழுவீட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

நான் அங்கயே ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தேன். மோட்டாரு இல்ல, சர்வே மிஷினு இல்ல, 700 வருஷத்துக்கு முன்னாடி கிட்டத்தட்ட 90 கிலோமீட்டருக்கு இந்த மட்டத்தைப் பாத்திருக்காங்க. வாய்க்காலுக்கு ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் காவேரி வரைக்கும் சரிவு, எத்தனை வளையுதோ அத்தனை நெலம் அந்தச் சரிவுல நனையும். சின்னதுல இருந்து அந்தக் கரையில நடந்திருக்கேன், இதை ஒரு நாளும் யோசிச்சதில்ல. அப்ப முடிவு பண்ணுனேன், பேச்சு பூரா இந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான்னு.

22 ஸ்லைடும் போச்சு. சாயத்தண்ணியப் பத்தின பகுதிய எடுக்கறப்பதான் மனசு கேக்கல, அது நியாயமாப் பேசவேண்டிய விஷயம். ஆனா கடைசி முப்பது செகண்டுல ஓட்டமா சொல்லீட்டுப் போற விஷயமும் இல்ல. அதுக்குன்னு தனியா ஒரு நாள் பேசோணும்.

ஸ்லைடுக்குப் பதிலா ஒரு சார்ட். போன் மேப்பைப் பாத்து 1 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர்னு கணக்கு வெச்சு காவேரிய பென்சில்ல வரைஞ்சு, வாய்க்காலுக்கு ஊதா உல்லன் நூல் 90 சென்டிமீட்டர் வெட்டி, பின்னாடி தெர்மாகோல் வெச்சு வளைவு வளைவா குண்டூசி குத்துனேன். அதுக்கே ஒரு பொழுது ஆயிருச்சு.

எழுதுனதையும் மாத்துனேன். மொதல்ல "காலிங்கராயன் கால்வாயானது தொன்மை வாய்ந்த நீர்ப்பாசனக் கட்டமைப்பாகும்"னு ஆரம்பிச்சிருந்தேன், வாயில சொல்றப்ப ஒவ்வொரு தடவையும் "கட்டமைப்பாகும்"ல தடுக்குச்சு. அதனால எழுதறத நிறுத்தீட்டு, தங்கச்சிய உக்கார வெச்சு அவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லி, அதைப் போன்ல ரெக்கார்டு பண்ணி, அப்பறமா அதைப் பாத்து எழுதுனேன். சுமார் 400 வார்த்தை வந்துச்சு, நாலரை நிமிஷம். இதுல எனக்கு ரொம்பப் பிரயோஜனமா இருந்தது என்னன்னா, மொத வரியையும் கடைசி வரியையும் மட்டும் அட்சரம் மாறாம மனப்பாடம் பண்ணுனது. நடுவுல உள்ளதுக்கு உள்ளங்கை அளவு சீட்டுல மூணே வார்த்தை, பாம்பு, மட்டம், நூல்.

அன்னைக்கு என் முறை அஞ்சாவது. முன்னாடி போயி நின்னதும் கை சில்லுனு ஆயிருச்சு. சார்ட்டை மாட்டீட்டு, "பாம்பு காட்டுன தடத்துல வெட்டுனதுன்னு நம்ம எல்லாரும் கேட்டிருக்கோம், அந்தப் பாம்பு ஏன் நேரா போகல?"ன்னேன். பின் பெஞ்சுல பேசிட்டு இருந்தவங்க நிமிர்ந்து பாத்தாங்க, அது போதும், அதுக்கப்பறம் கை நடுங்கல. நடுவுல ஒரு எடத்துல மறந்து போச்சு. சீட்டைப் பாத்தேன், நாலஞ்சு செகண்டு ஆயிருக்கும், எனக்குத்தான் அது பெரிய நேரமாத் தெரிஞ்சுது, கிளாஸ்ல யாரும் அதைக் கவனிச்ச மாதிரியே இல்ல.

கடைசியா பவானிக்கிட்ட இருந்த குண்டூசிய மட்டும் விட்டுட்டு மத்ததை எல்லாம் உருவி, நூலை இழுத்து நேராப் புடிச்சேன். ஆத்தோட சாய்மானத்துலயே புடிச்சேன். நொய்யலைத் தாண்டி, சார்ட்டையும் தாண்டி, 30 சென்டிமீட்டருக்கு மேல வெளிய வந்து தொங்குச்சு. "இந்த மிச்ச நூல்தாங்க எங்க அப்பாரு தோட்டம்"னு சொல்லி முடிச்சேன். கிளாஸ் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்பறம்தான் கை தட்டுனாங்க. மேடம் எந்திரிக்கவே இல்ல, 4 நிமிஷம் 50 செகண்டு.

கொடுமுடிப் பக்கத்துல இருந்து வர்ற புள்ள ஒருத்தி எந்திரிச்சு, "எங்களுக்குத் தண்ணி கடைசியாத்தான் வரும், மேல இருக்கறவங்க மடைய அடைக்கலைன்னா எங்களுக்கு இல்ல, அதையும் சொல்லியிருக்கலாம்"னா. வாஸ்தவம். எங்களது மேல் பக்கம்ங்கறதால எனக்கு அது தோணவே இல்ல. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவகூட அதையே பேசீட்டுப் போனேன்.

ராத்திரி அப்பாருக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன், சார்ட் போட்டோவையும் அனுப்பி வெச்சேன். சித்தப்பா போன்ல பெருசு பண்ணிக் காட்டியிருக்காரு போல. கொஞ்ச நேரம் கழிச்சு அப்பாரே கூப்புட்டாரு.

"நல்லா இருக்குது சாமி. நம்ம மடைக்கு மேல்பக்கம் ஒரு வளைவு விட்டுட்டயே, புளியமரத்துக்கிட்ட."

சார்ட் இன்னும் என் கட்டிலுக்குப் பக்கத்துலதான் இருக்குது. இப்பத்தான் அந்த எடத்துல இன்னொரு குண்டூசி குத்தி வெச்சிருக்கேன்.