கல்லடிப் பாலமும் காயங்கேணிச் சத்தமும்

மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றால் போதும், "மீன் பாடுறதைக் கேட்டுட்டு வாங்க" என்று யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். மீன்பாடும் தேனாடு என்று ஊருக்குப் பெயர் வைத்து எவ்வளவோ காலமாகிறது. கேட்டவர்களைத் தேடினால்தான் ஆள் அகப்படாது. ஆறு வருடம் அங்கே வேலை பார்த்த என் நண்பரே கேட்டதில்லையாம்.

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு பௌர்ணமி இரவில் கல்லடியில் தோணி ஏறினேன். பாலம் அங்கே இரண்டு: 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம், அதை ஒட்டி 2013இல் திறந்த புதியது. தோணிக்கார ஐயா துடுப்பை வாவிக்குள் செங்குத்தாக இறக்கி, மேல் முனையில் காதை வைக்கச் சொன்னார். வைத்தேன். முதலில் ஒரு உறுமல் வந்தது. மீன்தான் என்று நிமிர்ந்தால், ஐயா சிரிக்கிறார். "அது பாலத்தில பஸ் போகுது மனே."

பஸ் இல்லாத இடைவெளிகளில் வேறொன்றும் கேட்டது. டொக், டொக் என்று மெலிதாக, ஒழுங்கில்லாமல். பாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் ஏதோ ஒரு உயிர் சத்தம் போடுகிறது என்பது உறுதி.

1848இல் இதே வாவியில் இரவில் படகேறியவர் எமர்சன் டெனன்ட், அப்போது இலங்கையின் கொலனித்துவச் செயலாளர். படகின் பலகையில் காதை வைத்ததும் சத்தம் பெருகியதை எழுதி வைத்திருக்கிறார். அன்றைய மீனவர்கள் அவரிடம் மீனைக் கைகாட்டவே இல்லை, ஊரி என்ற நத்தைதான் கத்துகிறது என்றிருக்கிறார்கள். மீனா, ஊரியா என்ற வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. மீன் சத்தம் போடும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. கெளுத்தி செட்டை முள்ளை உரசிக் கத்தும். இன்னும் பல மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்து முரசு கொட்டும்.

அடுத்த நாள் வாழைச்சேனை தாண்டி, வாகரைப் பக்கம் போகும் வீதியில் காயங்கேணி. அங்குள்ள முருகைக்கற் பாறைகளை, அதாவது பவளப்பாறைகளை, 2019இல் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஃபைபர் போட் ஓட்டிய அண்ணன் எட்டத்திலேயே எஞ்சினை நிறுத்தி, பாறைக்கு மேலே துடுப்புப் போட்டுக் கொண்டுபோனார். முகமூடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

நிறத்தைப் பார்க்கத்தான் போனேன், சத்தம்தான் முதலில் வந்தது. சூடான எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்தது போல எல்லாப் பக்கமும் சடசடவென்று வெடிப்பு. விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகை இறால் செய்யும் வேலை இது. கொடுக்கை அது மூடும் வேகத்தில் ஒரு நீர்க்குமிழி உருவாகி உடைகிறது, அந்த உடைவுதான் சத்தம். அதற்கு நடுவில் கரக், கரக். பக்கத்தில் ஒரு கிளிமீன் கல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது, சொண்டு கல்லில் படுவது அப்படியே காதில் விழுகிறது. ஆனால் எந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து என்று சொல்லவே முடியாது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைவிட நாலு மடங்குக்கும் மேல். இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்துவிடுவதால் மனிதக் காது குழம்பிப்போகிறது.

மீன்கள் குழம்புவதில்லை. திறந்த கடலில் மிதந்து திரியும் மீன் குஞ்சுகள் பாறையின் இந்த இரைச்சலையும் வைத்து வீடு தேடுகின்றன என்பது அண்மைக்கால ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. 2016இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறை கடல் வெப்பத்தால் வெளிறியது, அதாவது நிறமிழந்து நலிந்தது. அப்புறம் அங்கே பதிவு செய்து பார்த்தால் பாறையின் சத்தம் அடங்கிப்போயிருந்தது, அந்தச் சத்தத்துக்கு வந்த குஞ்சுகளும் குறைவு. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வில், செத்த முருகைக்கல் குவியல்களின் நடுவே ஒலிபெருக்கி வைத்து நல்ல பாறையின் சத்தத்தை ஆறு வாரம் போட்டார்கள். ஒலி போடாத குவியல்களைவிட அங்கே இரண்டு மடங்கு மீன் சேர்ந்தது.

இதைச் சொன்னதும் போட் அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது: "அப்ப பாசிக்குடாவில செத்துக் கிடக்கிற கல்லுக்கும் ஸ்பீக்கர் வைக்கலாமே?" வைக்கலாம். மீன் வரும், வந்து பாசியை மேயும், கல் மீண்டும் வளர அது உதவும். ஆனால் கடல் சூடாகிக்கொண்டே போனால் ஸ்பீக்கர் என்ன செய்யும்? இலங்கையின் பாறைகள் 1998இலும் 2016இலும் மோசமாக வெளிறின. 2024 ஏப்ரலில், உலக அளவிலான நாலாவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அது மட்டக்களப்பில் தீர்க்கிற காரியம் இல்லை.

எஞ்சின் அப்படியில்லை, அது நம் கையில் இருக்கிறது. மோட்டர் போட் சத்தத்தில் சின்ன மீன்கள் பதறி, வேட்டை மீனுக்கு இரட்டிப்பாக இரையாகின்றன என்று 2016இல் காட்டினார்கள். 2022இல் வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவுஸ்திரேலியாவில் சில பாறைகளின் பக்கம் போட்டுகள் மெதுவாக, 100 மீட்டர் தள்ளிப் போகும்படி பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு வகை மீனின் கூடுகளில் 65 சதவீதத்தில் பருவம் முடியும்வரை குஞ்சுகள் தங்கின. வழக்கம்போல போட்டுகள் ஓடிய பாறைகளில் 40 சதவீதம்தான். பெரிய பணமும் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம்.

இதையெல்லாம் யோசித்தபடி பாசிக்குடாவுக்கு வந்தால், ஆழமில்லாத அந்த அழகான குடாவில் ஜெட் ஸ்கி ஒன்று வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். பல்வலிக்காரனுக்கு மட்டுமே தெரிந்த அந்த மெஷின் சத்தம்! அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல நான் யார், நானும் அதில்தான் வந்தவன். பாறைப் பக்கம் மட்டுமாவது வேகத்தைக் குறைக்கலாமே என்று கரையில் நின்ற பையனிடம் சொன்னேன். "வேகமாப் போகத்தானே அண்ணே காசு தாறாங்க" என்றான்.

காயங்கேணிக்குப் போகிறவர்கள் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான அமைதிக் கடலில் போங்கள், காற்று எழும்பும் முன் காலையிலேயே. காசு பேசும்போதே, பாறைக்கு எட்டத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போடச் சொல்லிவிடுங்கள். எங்கள் அண்ணன் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கேட்கவில்லை. எரிபொருள் மிச்சம் என்றார்.