ஒரே ஓர் அணு, ஒரு வாழ்நாள்

ஜெர்மன் இயற்பியலாளர் தியோடர் ஹென்ஷின் ஆய்வு வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கி, பின்பு ஜெர்மனி திரும்பியும் அவர் விடாமல் பற்றியிருந்தது ஹைட்ரஜன். ஒரு புரோட்டான், ஓர் எலக்ட்ரான், அவ்வளவுதான். அது உமிழும், உறிஞ்சும் ஒளியின் நிறமாலையை இன்னும் கூர்மையாகப் பார்த்தால் இயற்கை ஏதாவது சொல்லும் என்ற நம்பிக்கை.

எதையும் அதிர்வெண்ணாகவே, அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்றே, அளக்க வேண்டும் என்பது ஸ்டான்ஃபோர்டின் லேசர் அறிஞர் ஆர்தர் ஷாலோ அவருக்குத் தந்த அறிவுரை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி நொடிக்கு 4 முதல் 7 கோடி கோடி முறை அதிர்கிறது. எந்த மின்னணுக் கருவியும் அதை நேரடியாக எண்ண முடியாது. ஹென்ஷ் பிடித்த வழி இது: லேசரின் மிகக் குறுகிய துடிப்புகள் சீரான இடைவெளியில் வந்தால், நிறமாலையில் சீப்பின் பற்களைப்போல ஆயிரக்கணக்கான கோடுகள் சம தூரத்தில் நிற்கும். கோடுகளுக்கு இடையிலான அந்த அதிர்வெண் இடைவெளி சிறியது; அதைக் கருவியால் எண்ணலாம். அதுவே ஒளியை அளக்கும் கோல்! அதற்காக 2005இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

2011இல் அவருடைய குழு ஹைட்ரஜனின் 1எஸ்–2எஸ் தாவலை, அதாவது எலக்ட்ரான் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையிலிருந்து இரண்டாம் மட்டத்துக்குத் தாவுவதற்குரிய அதிர்வெண்ணை, அளந்தது: 2466061413187035 ஹெர்ட்ஸ், பிழை வெறும் 10 ஹெர்ட்ஸ். இந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்கு இது கவிதை.