அம்மாவின் பச்சை ஃபைல்

போன மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பாதிப் பாடத்தில் சேலை நனைந்துவிட்டது தெரிந்தது. காலையில் இரண்டு நாப்கினைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன். இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கரும்பலகையோடு முதுகை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிப் புள்ளிகளைச் சொல்லச் சொன்னேன். மணி அடித்துப் பிள்ளைகள் விளையாட இறங்கிய பிறகே அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன். எங்கள் தமிழ் டீச்சர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பின்னாலேயே ஒட்டினாற்போல் நடந்து ஓய்வறை வரை கூட்டிப்போனார்.

எனக்கு அப்போது 46 முடிந்து 47 நடந்துகொண்டிருந்தது. பதின்மூன்று வயதிலிருந்து 28 நாளுக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி வந்துகொண்டிருந்த மாதவிலக்கு, ஒன்றரை வருடமாகவே தடம் மாறியிருந்தது. முதலில் 23 நாள், 24 நாள் என்று நெருங்கியது. அப்புறம் 52 நாள் வரவேயில்லை. வந்தபோது பதினாறு நாள் நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவு மூன்று மணிக்குக் காது மடல் சூடாக ஆரம்பித்து, கழுத்து, நெஞ்சு என்று இறங்கி, நைட்டி நனைந்து, பிறகு குளிரெடுக்கும். நெஞ்சு படபடக்கும். இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் இதற்குத் தனியாக ஒரு பெயரே நான் கேட்டதில்லை. "நிக்கிற வயசு" என்பார்கள், அவ்வளவுதான். தமிழ் டீச்சர் ஒருநாள் சொன்னார்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் பருவங்களுக்கு ஏழு பெயர் வைத்தார்கள், கடைசிப் பேரிளம்பெண் 32 முதல் 40 வரை. அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. நாற்பதுக்கு மேல் என்ன ஆகிறது என்று யாரும் பெயர் வைக்கவில்லை. டாக்டர்கள் இதைப் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால் அதுதான் மெனோபாஸ். அதற்கு முந்தைய, எல்லாம் தாறுமாறாகிற நான்கைந்து வருடம், சிலருக்கு எட்டுப் பத்து வருடம்கூட, இந்தப் பெரிமெனோபாஸ். நம் நாட்டில் மாதவிலக்கு நிற்கிற சராசரி வயது 46, 47. மேலை நாடுகளில் 51. அப்படியானால் நம் பெண்களுக்கு இந்தத் தடுமாற்றம் நாற்பதின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடலாம். அந்த வயதில் யாருக்கும் இது நினைவுக்கே வராது.

முதலில் போன மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.1, ரொம்பக் குறைவு. ஹார்மோன் எல்லாம் நார்மல் என்றார்கள். கர்ப்பப்பையின் உட்சுவர் 15 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, வெளிச்சுவரில் இரண்டு சென்டிமீட்டரில் ஒரு நார்க்கட்டி. "பிள்ளைங்க ரெண்டு பேரும் வளந்தாச்சு, இனி அது எதுக்கு? எடுத்துருவோம். கூடவே சினைப்பையையும் எடுத்துட்டா கேன்சர் பயமும் இல்ல" என்றார் அந்த டாக்டர். மொத்தம் ஏழு நிமிடம் பேசியிருப்பார். இன்சூரன்ஸ் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்றைக்கு இரவு அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மாவுக்கு 73 வயது, அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "எனக்கும் எடுத்தாங்கல்லா. நீ அப்ப பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்த. எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு சொன்னாங்க. எல்லாம்னா என்னன்னு நான் கேக்கலட்டி" என்றாள்.

1993 மே மாதம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வேறு ஒரு ஆளாக ஆகிவிட்டாள். பட்டாசலில் பாயைக்கூட விரிக்காமல் வெறும் சிமெண்ட் தரையில் படுப்பாள். ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நள்ளிரவில் கிணற்றடியில் போய் உட்கார்ந்திருப்பாள். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவாள், பிறகு அழுவாள். ஆச்சி "பேய்க்குணம்" என்று சொல்லிவிட்டாள். நானும் அந்த வயதில் அம்மாவிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். அம்மா பீரோவில் பழைய பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருந்து ஒரு பச்சை ஃபைலை எடுத்தாள். டிஸ்சார்ஜ் தாள் மங்கிப்போயிருந்தாலும் வாசிக்க முடிந்தது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அப்போது 41 வயது. காரணம் என்று எழுதியிருந்தது அதிக உதிரப்போக்கு, அவ்வளவுதான். கட்டி இல்லை, புற்றுநோய் இல்லை.

அந்தத் தாளையும் என் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் இன்னொரு லேடி டாக்டரிடம் போனேன். அறுபதை நெருங்குகிறவர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசி ஆறு மாசத் தேதியெல்லாம் குறிச்சு வச்சிருக்கீங்களா டீச்சர்?" என்னிடம் இருந்தது நாற்பது பக்க நோட்டு ஒன்று. பிள்ளைகளின் மார்க் குறிக்கிற பழக்கத்தில், ஒரு வருடமாக இதையும் கட்டம் போட்டுக் குறித்து வந்திருந்தேன்: வந்த நாள், நின்ற நாள், எத்தனை நாப்கின், மார்பு வலி, இரவு விழித்த நேரம். அதை அவர் பத்து நிமிடம் புரட்டினார். மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடுகள் வரைந்தார். இத்தனை நாள் நான் நினைத்திருந்தது தவறு என்று அப்போதுதான் புரிந்தது.

வயதாக ஆக, சினைப்பையில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன், சாய்தளம் மாதிரி. அப்படி இல்லை. பெரிமெனோபாஸில் அது இங்கிருந்து பார்த்தால் தெரிகிற பொதிகை மலை மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது. இருபது வயதில் இருந்ததைவிட அதிகமாகக்கூடச் சில மாதங்களில் ஏறிவிடும். முதலில் குறைவது ஈஸ்ட்ரோஜன் இல்லை, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன்.

காரணம் இதுதான். பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பைகளில் பத்து இருபது லட்சம் கருமுட்டைப் பைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். நிற்கிற நேரத்தில் ஆயிரம் அளவுக்குத்தான் மிஞ்சும். பை குறையக் குறைய, மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி, "வேலை செய், வேலை செய்" என்று விரட்டுகிறது. மிச்சமிருக்கிற பைகள் சில மாதம் பதறியடித்து அளவுக்கு மீறி ஈஸ்ட்ரோஜனைக் கொட்டுகின்றன, சில மாதம் சும்மா இருந்துவிடுகின்றன. ஆனால் முட்டை வெடித்து வெளியே வந்தால்தான், அது விட்டுப்போன கூட்டிலிருந்து புரோஜெஸ்டிரோன் சுரக்கும். முட்டை வராத மாதத்தில் அது இல்லை. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரைக் கட்டிக்கொண்டே போகிறது, போதும் என்று நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. அந்தத் தடித்த சுவர் ஒரு நாள் கண்டபடி உதிர்கிறது. என் 52 நாளும், அதற்குப் பின்னால் வந்த பதினாறு நாளும் அதுதான்.

"அப்ப ஹார்மோன் நார்மல்னு சொன்னாங்களே?" என்று கேட்டேன். எஸ்ட்ரடையால், அதாவது ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை, 310, எஃப்.எஸ்.எச். 7 என்று அந்த ரிப்போர்ட்டில் இருந்தது. அது அன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு உங்கள் ரத்தத்தில் இருந்தது, அடுத்த மாதத்துக்கு அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். 45 வயது தாண்டிய பெண்ணுக்கு இந்தப் பருவத்தைக் கண்டுபிடிக்க அந்தப் பரிசோதனை தேவையே இல்லை, மாதவிலக்கு மாறியிருப்பதும் உடம்பில் தெரிகிற அறிகுறிகளும் போதும். ஆகஸ்ட்டில் என் கணவரின் ஆபீஸில் குடும்பத்துக்கே முழு உடல் பரிசோதனை வைத்தார்கள். அதில் எஸ்ட்ரடையால் 22, எஃப்.எஸ்.எச். 44. ஐந்தே மாத இடைவெளியில் ஒரே பெண்ணின் ரத்தம். இரண்டு தாளையும் நோட்டின் அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்திருக்கிறேன்.

அவர் உடனே எதையும் எடுக்கச் சொல்லவில்லை. இந்த வயதில் இப்படி உதிரம் போனால் முதலில் உட்சுவரிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், புற்றுநோய் இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு எடுத்தார்கள். ஒரு நிமிடம் நன்றாகவே வலித்தது, சும்மா சொல்லக் கூடாது. முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் வீட்டில் யார் பேசியதும் காதில் விழவில்லை. புற்றுநோய் இல்லை, ஈஸ்ட்ரோஜன் தனியாக நின்று வேலை செய்த உட்சுவர் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது என்று வந்தது. நார்க்கட்டி வெளிச்சுவரில் சின்னதாக இருந்ததால் இந்த உதிரப்போக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனையும் எழுதினார். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது. 15க்குக் கீழே போனால் சேமிப்பு காலி என்று அர்த்தம். எனக்கு 6. மூச்சு வாங்கியதும், வகுப்பில் எரிந்து விழுந்ததும், கொத்துக் கொத்தாக முடி கொட்டியதும் எல்லாம் "வயசு" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றி மூன்று வாரத்தில் மாடிப்படி மறுபடியும் சாதாரணமானது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019–21 கணக்குப்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதோடு இந்தப் பருவத்து உதிரப்போக்கும் சேர்ந்தால் உடம்பு என்னதான் செய்யும்? தயவுசெய்து இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

உதிரப்போக்குக்கு, ஹார்மோன் காயில் (coil) என்ற சின்னக் கருவியைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார். காப்பர்-டி மாதிரியேதான் இருக்கும், ஆனால் அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் வகை மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கர்ப்பப்பைக்குள்ளேயே கசியும். இல்லாமல் போன அந்த ஆளை மறுபடி வேலைக்கு வைத்த மாதிரி. முதல் மூன்று மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது, எரிச்சலாக இருந்தது, எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஐந்தாவது மாதத்திலிருந்து அநேகமாக ஒன்றுமே இல்லை.

இரவு மூன்று மணிச் சூடு மட்டும் இன்னும் போகவில்லை. அதற்கு இந்தக் காயில் உதவாது. உடம்புச் சூட்டைக் கவனிக்கிற மூளைப்பகுதி, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிற நேரங்களில் தேவையில்லாமல் பதறுகிறது. முன்பெல்லாம் பொறுத்துக்கொண்ட கடுகளவு சூடு ஏறினாலும், காய்ச்சலே வந்துவிட்டது மாதிரி ரத்தக்குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்ட வைக்கிறது. பொறுக்க முடியாவிட்டால் தோலில் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் ஜெல் தரலாம், கர்ப்பப்பைக்குக் காவலாக அந்த ஹார்மோன் காயில் இருக்கிறது என்றார் டாக்டர். எனக்குப் பயம் இருந்தது. ஈஸ்ட்ரோஜன் என்றாலே மார்பகப் புற்றுநோய் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பயம் 2002 ஜூலையில் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில், வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, ரத்தம் உறைகிற நோய் உண்டா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு அதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க முடிந்தது. பெரிய பரீட்சைத் தாள் திருத்துகிற மாதங்கள் முடிந்ததும் முடிவு செய்யலாம் என்று இருக்கிறேன்.

கடைசியாக அம்மாவின் டிஸ்சார்ஜ் தாளை நீட்டினேன். டாக்டர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உங்களுக்கு மலை மாதிரி ஏறி இறங்கிப் பல வருஷத்தில் நடக்கிறது, உங்கள் அம்மாவுக்கு ஒரே நாளில் நடந்திருக்கிறது என்றார். கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி. 41 வயதில் இரண்டு சினைப்பையையும் எடுத்தால், இயல்பாக நிற்கிற வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுத்திருக்க வேண்டும். கர்ப்பப்பையும் இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதுமாக இருந்திருக்கும். பச்சை ஃபைலில் எந்த ஹார்மோன் மாத்திரையும் இல்லை. சத்து மாத்திரை மட்டும் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தது.

ஈஸ்ட்ரோஜன் எலும்பையும் காக்கிறது. எலும்பை அரிக்கிற செல்களை அடக்கி வைப்பது அதுதான். 2010இல் அம்மா துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கிக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. அப்போது 58 வயது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள், எலும்பு ஏன் இவ்வளவு லேசில் முறிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இந்த ஜூனில் அம்மாவைக் கூட்டிப்போய் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தோம். இளம் வயது எலும்போடு ஒப்பிட்டு ஒரு எண் தருவார்கள். அது மைனஸ் 2.5ஐத் தொட்டாலே எலும்புத் தேய்வு. அம்மாவுக்கு மைனஸ் 3.1.

இன்றைக்கும் இது பழைய கதை ஆகிவிடவில்லை. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களுக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்த செய்தி 2019இல் வெளியே வந்தது. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. எடுத்தே ஆகவேண்டிய பெண்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஆனால் என்ன எடுக்கப் போகிறார்கள், சினைப்பையும் சேர்த்தா, எடுத்த பிறகு என்ன தரப் போகிறார்கள் என்பதைப் படுக்கப்போகிற பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். "எல்லாம்" என்று ஒரு சொல்லில் முடிக்கக் கூடாது.

ஊரில் அம்மாவுக்கு இதை விளக்கிச் சொன்னபோது, உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். "அப்ப எனக்குக் கிறுக்கு ஒண்ணும் பிடிக்கல, இல்லியா?" என்றாள். முப்பத்திரண்டு வருடம் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அடுக்களைத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

எலும்புக்கு வருடத்துக்கு ஒரு தடவை டிரிப்பில் ஏற்றுகிற மருந்து ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா, கால்சியம் அளவு, வைட்டமின் டி எல்லாம் பார்த்தாயிற்று. வருகிற சனிக்கிழமை அம்மாவுக்கு ஏற்றுகிறார்கள். பச்சை ஃபைலில் இப்போது ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருக்கிறது, மருந்தின் பெயரும் ஏற்றும் தேதியும் அம்மாவே தன் கையால் எழுதிய தாளும் இருக்கிறது.