ஊசி மாட்டிய இடம்

நாங்கள் ஐந்து பேர். கல்லூரியில் ஒரே வகுப்பு, இப்போது ஆளுக்கொரு ஊர். நான்கு மாதமாக ஞாயிறு இரவு வீடியோ காலில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பழைய பாட்டு. பாட்டைப் போட்டு, அது எப்படித் தன்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒலி சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் என் பொறுப்பு. கடந்த ஆறு வாரமாக ஒரே பாட்டோடு மல்லுக்கட்டினேன். சூடு ஆறுவதற்குள் அதை எழுதிவைத்துவிடுகிறேன்.

ஆரம்பத்தில் எல்லோரும் இணைப்பைத்தான் அனுப்பினோம். யாரும் முழுதாகக் கேட்கவில்லை. 'அருமை' என்று ஒரு வரி, கைகூப்பும் படம் ஒன்று, அத்தோடு சரி. மூன்றாவது வாரம் வரிசையை மாற்றிப் பார்த்தோம்: முதலில் கதை, அப்புறம் பாட்டு. அன்றைக்கு ஒருவன் சொன்னான்: அக்காவுக்குப் பரீட்சை என்று அவன் வீட்டில் ஒரு வருடம் ரேடியோவே போடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ சுவர் வழியாகக் கேட்கும். அந்த வருடத்துப் பாட்டுகளுக்கெல்லாம் அவனுக்குத் தாளம் தெரியும், வரி தெரியாது. சுவரைக் கடந்து வருவது கீழ்ஸ்தாயி ஒலிதானே. அதைச் சொல்லிவிட்டு அவன் பாட்டைப் போட்டபோது, நாங்கள் நான்கு பேரும் குரலை விட்டுவிட்டு டபிள் பாஸையும் தபேலா ஜோடியில் கனத்த ஒலி தரும் டக்காவையும் மட்டும் பின்தொடர்ந்துகொண்டிருந்தோம். ஆயிரம் முறை கேட்ட பாட்டு, புதிதாக இருந்தது. அதற்குப் பிறகு வரிசையை மாற்றவே இல்லை.

வீடியோ காலில் பாட்டுப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பேச்சுக் குரலை மட்டும் தக்கவைத்து மற்றதைக் குறைக்கும்படி அதன் இரைச்சல் நீக்கி அமைக்கப்பட்டிருக்கிறது. நீளமாக இழுக்கும் வயலினை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். அமைப்பில் போய் அதை அணைத்தால் பாதி சரியாகும். இன்னும் நல்ல வழி, கோப்பை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லி அவரவர் பக்கத்தில் ஒன்றாகத் தட்டுவது. நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

கேசட்டிலிருந்து எடுப்பதையும் படிப்படியாகத்தான் கற்றேன். முதலில் டெக்கின், அதாவது கேசட் ஓட்டும் கருவியின், ஸ்பீக்கருக்கு முன்னால் போனை வைத்துப் பதிந்தேன், அறைதான் பதிவானது. அடுத்து லேப்டாப்பின் மைக் துளையில் செருகினேன். அது மெல்லிய மைக் சிக்னலுக்கானது, டெக்கிலிருந்து வரும் சிக்னலைத் தாங்காமல் உறுமியது. கடைசியில் டெக்கின் சிக்னலைத் தாங்கும் லைன்-இன் துளை உள்ள சின்ன யுஎஸ்பி ஆடியோ பெட்டி வாங்கினேன். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ: நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. உச்ச ஒலி -6 டெசிபலைத் தாண்டாமல் அளவு வைக்கிறேன். எந்தக் கேசட் வந்தாலும் முதல் வேலை, மேல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் காதை உடைப்பது. தவறுதலாக ரெகார்ட் பட்டனைத் தொட்டாலும் அழியாது.

இனி அந்தப் பாட்டு. 1961-ல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய 'காலங்களில் அவள் வசந்தம்'. பத்தாவது வாரம் ஒருவன் அதைத் தேர்ந்தெடுத்து, போடுவதற்கு முன் தானே பாடிக் காட்டினான். சரணத்தில் ஓரிடத்தில் ஒரே துண்டை மூன்று முறை பாடிவிட்டுத் தாண்டிப் போனான்.

"ஏன்டா, வரி மறந்துபோச்சா?" என்றேன்.

அவன் பதில் சொல்வதற்குள், அதுவரை பேசாமல் இருந்த சிநேகிதி கேட்டாள்: "மறக்கல. அங்க ஊசி மாட்டும், இல்லடா?"

திரையில் அவன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

எண்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் யாரும் யாரையும் அறியாத பள்ளிப் பருவத்தில், இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருந்த இரண்டு வீடுகளில் ஒரே சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோ ஒலிபரப்பை இருவரும் கேசட்டில் பதிந்திருக்கிறார்கள். இரண்டு கேசட்டும் இன்றும் இருக்கின்றன. கல்லூரியில் மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தவர்கள் இதைப் பேசிக்கொண்டதே இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கீறல் விழுந்த இசைத்தட்டு என்றால் போடும்போதெல்லாம் அதே இடத்தில்தான் மாட்டும். இருவரும் வெவ்வேறு நாளில் பதிந்திருக்கலாமே? கேசட்டுகளை எனக்கு அனுப்பச் சொன்னேன்.

அவனுடையது சிக்கலில்லாத சி-60, இரண்டு பக்கமும் சேர்த்து அறுபது நிமிடம் ஓடுவது. திருகு உள்ள கூடு, நாடா முறுகாமல் இருந்தது. பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு டெக்கின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்துவிட்டு ஓட்டினேன். அவளுடையதில் பாட்டு மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. முன்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் திண்டு விழுந்து, கூட்டுக்குள் எங்கோ உருண்டுகொண்டிருந்தது. அதை ஒட்ட வேண்டுமானால் கூட்டைத் திறக்க வேண்டும். அதுவோ திருகே இல்லாமல் ஒட்டி மூடிய வகை.

அந்த ஒரு மாலை முழுக்க மேசை விளக்கின் கீழ் கழிந்தது. மெல்லிய பிளேடை இரண்டு பாதியும் சேரும் கோட்டில் வைத்து, மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். அவசரப்பட்டால் பிளேடு உள்ளே பாய்ந்து நாடாவை வெட்டிவிடும். நான்காவது மூலை 'டிக்' என்று விட்டபோது மேல்பாதியைச் செங்குத்தாகத் தூக்கினேன். நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம்தான்; இரண்டு சுருளும் தட்டு தட்டாக உட்கார்ந்திருந்தன. காலியான ஒரு திருகுக் கூட்டைப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன். இரண்டு சுருளையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் தூக்கி அதில் இறக்கினேன். நாடாவை உருளைகளின் மேல் வழிநடத்தி, ஐந்து திருகையும் முடுக்கினேன். பிறகு ஆறு பட்டைப் பென்சிலை நடுத்துளையில் விட்டு இரண்டு சுற்று சுற்றித் தொய்வை எடுத்தேன். ஓட்டினால், குரல் முன்னால் வந்து நின்றது.

இரண்டையும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரலில் ஏற்றி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். ஊசி மாட்டிய இடம் இரண்டிலும் இருந்தது. இரண்டிலும் அதே துண்டு மூன்று முறை. மூன்றாவதற்குப் பின் 'டப்' என்று யாரோ கைவைத்துத் தள்ளும் சத்தம், ஓர் அடி தாண்டிப் பாட்டு தொடர்கிறது. முடிந்ததும் அறிவிப்பாளர் சிரித்தபடி வருத்தம் தெரிவித்து மணி சொல்கிறார். ஒரே நாள்தான், ஒரே நிமிடம்தான். அவளுடைய கேசட்டில் கடைசிச் சரணத்துக்குள் நாடா தீர்ந்துவிடுகிறது. அறிவிப்பாளர் வருவது அவனுடையதில் மட்டும். ஆனால் அந்த மூன்று சுற்றும் 'டப்'பும் எனக்குப் போதுமானதாக இருந்தன. அவனுடையதில் முதல் வரி இல்லை. ரெகார்டையும் ப்ளேயையும் சேர்த்து அழுத்த ஓடியிருக்கிறான், ஒரு வரி தாமதம். அவளுடையதில் அந்த வரி இருக்கிறது.

இரண்டையும் சேர்த்தால் முழுப் பாட்டு கிடைக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

ஆனால் சேரவில்லை. முதல் அடியைப் பொருத்தினால் இருபது நொடிக்குள் ஒன்று முந்துகிறது, மற்றது பிந்துகிறது. கேசட்டின் வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. என்பது விதி, வீட்டு ரெகார்டர்கள் அதற்கு முன்பின்னாகத்தான் ஓடும். எதை அளவுகோலாக வைப்பது? சுருதியை வைக்கலாம் என்றால், அசல் பதிவு எந்தச் சுருதியில் இருந்தது என்பதற்கு நம்பத்தக்க பிரதி வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளே ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகின்றன.

இரண்டு நாள் யோசித்தபின் விடை கண்ணெதிரில் இருந்தது தெரிந்தது. ஊசி ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது என்றால், ஒவ்வொரு முறைக்கும் இசைத்தட்டு சரியாக ஒரு சுற்று சுற்றியிருக்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 78 வேகத் தட்டு என்றால் ஒரு சுற்று 0.77 நொடி; 45 வேகம் என்றால் 1.33 நொடி, 33⅓ என்றால் 1.8 நொடி. அலைவரைபடத்தைப் பெரிதாக்கி அளந்தேன். அவனுடைய கேசட்டில் 1.37. அவளுடையதில் 1.31. ஆக, அன்று அங்கே சுழன்றது 45 வேகச் சின்னத்தட்டு. ஒலிபரப்பு நிலையத்துத் தட்டுச்சுழற்றி சீராகத்தான் சுற்றியிருக்கும் என்று எடுத்துக்கொண்டால், அவனுடையது சுமார் 2.75 சதவீதம் மெதுவாகவும், அவளுடையது 1.75 சதவீதம் வேகமாகவும் என் டெக்கில் ஓடுகின்றன. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 6 சதவீதம். இருவரும் ஒரே பாட்டை முக்கால் ஸ்வரஸ்தானம் தள்ளி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று நான் பூரித்துப்போனேன். பிறகு யோசித்தால், அவரவர் ரெகார்டரிலேயே பதிந்து அதிலேயே கேட்டவர்களுக்கு அந்தப் பிழை தெரிந்தே இருக்காது. பதியும்போது விட்ட பிழையைக் கேட்கும்போது அதே இயந்திரம் சரிசெய்துவிடும். என் டெக்கில் போட்டதால்தான் வெளியே வந்தது.

வேகத்தைத் திருத்தியதும் இரண்டும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. மிச்சமிருந்த சின்ன அலைவுக்கு நான்கு இடத்தில் வெட்டி நகர்த்தினேன். இரண்டையும் ஒருசேர ஓடவிட்டால் குழாய்க்குள் பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே கலக்காமல், நல்ல இடத்தை இங்கிருந்தும் அங்கிருந்தும் எடுத்து ஒட்டினேன். இங்கேதான் சிற்றலை எனக்குப் பெரிய உதவி செய்தது. வானில் வெகு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை இடத்துக்கு இடம் வேறு நேரத்தில் மங்கும். அவன் வீட்டில் குரல் அமிழ்ந்த நொடியில் அவள் வீட்டில் தெளிவாக இருக்கிறது. இவள் பக்கம் இரைச்சல் பொங்கும்போது அவன் பக்கம் அமைதி. மொத்தம் ஏழு ஒட்டு. ஒவ்வொன்றும் இருபதில் ஒரு பங்கு நொடிக்குள் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் இரைச்சல் நீக்கியை முழுப் பாட்டின்மேலும் ஓட்டினேன். சிற்றலையின் இரைச்சல் நொடிக்கு நொடி மாறுவது. ஓரிடத்தில் எடுத்த மாதிரி அடுத்த இடத்துக்குச் செல்லாது. பி.பி.ஸ்ரீனிவாஸின் குரலே மூச்சோடு மூச்சாக வரும் மெல்லிய குரல். நிரல் அந்த மூச்சை இரைச்சலென்று எடுத்துக்கொண்டு வழித்தெறிந்துவிட்டது. தண்ணீருக்கடியில் யாரோ பாடுவதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை மட்டும் வெட்டினேன். சிற்றலையில் அதற்கு மேல் பாட்டு ஏறக்குறைய இல்லை, வெறும் சீறல்தான். அத்தோடு நிறுத்தினேன். நிறுத்தத் தெரிவது இந்த வேலையில் பாதி என்று நினைக்கிறேன்.

இதைப் பொதுவில் ஏற்றச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். நான் மறுத்தேன். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டில் முடிந்துவிடும். 1961-ன் பதிவுக்கு அது தீர்ந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவர் மறைந்து 60 ஆண்டு. வரி எழுதிய கண்ணதாசன் 1981-ல் மறைந்தார்; இசையமைத்த விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரில் பின்னால் மறைந்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன், 2015-ல். 2041-ம் 2075-ம் முடியும்வரை அது எங்கள் ஐவருக்குள் இருக்கட்டும்.

ஊசி மாட்டிய இடத்தை வெட்டிவிடலாமா என்று இருவரிடமும் கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றார்கள்.

போன ஞாயிறு ஒட்டிய பாட்டைப் போட்டோம். பிறகு இருவரும் சேர்ந்து பாடப் பார்த்தார்கள். வீடியோ காலில் அது நடக்காது. ஒருவர் குரல் மற்றவருக்குத் தாமதமாகச் சேரும், அவர் இவருக்காகக் காத்திருக்க, இவர் அவருக்காகக் காத்திருக்க, தாளம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே ஹெட்போனில் பாட்டைக் கேட்டபடி தனித்தனியே பாடி எனக்கு அனுப்பச் சொன்னேன். நேற்றுதான் வந்தன. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்தேன். மூன்று சுற்றையும் இருவரும் விடாமல் பாடியிருக்கிறார்கள். அந்த 'டப்' வரும் இடத்தில் அவன் நாக்கால் ஒரு சத்தம் செய்கிறான். அவள் மூச்சு இழுத்துக்கொள்கிறாள்.

அடுத்த வாரம் சுவர் வழியாகப் பாட்டுக் கேட்டவனின் முறை. அவன் அக்காவிடம் ஒரு சி-90 இருக்கிறதாம். அது சி-60-ஐவிட மெல்லிய நாடா. இப்போதே டெக்கின் ரப்பர் உருளையை மாற்றி வைத்துவிட்டேன்.