சி-ல இருந்து ஜி-க்கு தாவுறது: கிட்டார் இப்ப எந்த லெவல்ல இருக்கு

இ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி-ங்கற கார்டு (chord, சில ஸ்வரங்கள ஒண்ணா சேத்து வாசிக்கறது) எல்லாமே தனித்தனியா பிடிச்சா சுத்தமா கேக்குது, ஆனா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு போறப்பதான் பாட்டே நின்னுடுது. அதனால இந்த மாசம் புது கார்டு எதுவும் கிடையாது, மாத்திப் பழகுறது மட்டும்தான்.

முதல்ல செட் ஆனது ஏ மைனர் – சி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ரெண்டு கார்டுலயும் அதே இடம், மோதிர விரல் மட்டும் மூணாவது கம்பில இருந்து கிளம்பி (மெல்லிசான கம்பிதான் ஒண்ணாவது, தடியானது ஆறாவது) அஞ்சாவது கம்பி மூணாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்க இருக்கற உலோகக் கோடு பிரிக்கற கட்டம்) போகணும், அவ்ளோதான். ஏ மைனர் – இ மேஜர் இன்னும் ஈசி, அதே ஷேப்ப அப்படியே தடி கம்பி பக்கமா ஒரு கம்பி தள்ளி வெச்சா முடிஞ்சுது.

சி – ஜி தான் உயிரை வாங்குச்சு. ஜி-ய நிறைய பேர் ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல் வெச்சு சொல்லித் தர்றாங்க, அதுல சி-ல இருந்து போறப்ப மூணு விரலும் மொத்தமா இடம் மாறணும். இப்ப நான் ஆறாவது கம்பில மோதிர விரல், அஞ்சாவதுல நடுவிரல், ஒண்ணாவதுல சுண்டு விரல்னு மாத்திட்டேன். சி-ல இருக்கற மோதிர விரலும் நடுவிரலும் ஜோடியா ஒரு கம்பி நகர்ந்தா போதும். சுண்டு விரல் ஆரம்பத்துல சொன்ன பேச்சு கேக்காது, கொஞ்ச நாள்ல வழிக்கு வந்துரும்.

இதைவிட பெரிய விஷயம் கம்பிய மீட்டுற வலது கை. இடது கை ரெடி ஆகுற வரைக்கும் அது காத்திருக்கவே கூடாது. மெட்ரோநோம் (டிக் டிக்னு தாளம் காட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60-ல வெச்சு, கார்டுக்கு நாலு பீட், கடைசி அப் ஸ்ட்ரோக்லயே (கீழ இருந்து மேல மீட்டுறது) விரலை எடுத்துட்டு அடுத்த கார்டுக்கு கிளம்பிடறேன், அந்த ஒரு ஸ்ட்ரோக் மட்டும் சும்மா திறந்த கம்பில விழும். தப்பா கேக்குமேன்னு பயந்தா அப்படி ஒண்ணும் இல்ல, திறந்த கம்பிகளோட ஸ்வரமான இ ஏ டி ஜி பி இ எல்லாமே ஜி மேஜர் ஸ்கேலுக்குள்ள (ஸ்வர வரிசை) இருக்கற ஸ்வரம்தான, அந்த ஸ்கேல்ல வாசிக்கறப்ப உறுத்தவே உறுத்தாது. (அம்மாதான் "வேற ட்யூனே வராதா"ன்னு கேக்கறாங்க.)

அடுத்து எஃப். முழு பார் (ஒரே விரலால ஆறு கம்பியையும் அமுக்கறது) இப்போதைக்கு வேண்டாம்னு கீழ் நாலு கம்பி மட்டும் வர்ற சின்ன எஃப் பாக்கறேன், ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்ல ஒண்ணாவது, ரெண்டாவது கம்பி ரெண்டையும் படுத்து அமுக்கணும். ரெண்டாவது கம்பி கேக்குது, ஒண்ணாவது இன்னும் டொக்குதான்.