புவோனரோத்தி தெருவில் இரண்டு பாடகிகள்

மிலான் போகிறவர்கள் டுவோமோ தேவாலயத்தின் கூரையில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்துக் கண்ணாடிக் கூரைக் கடைவீதி வழியாக நடந்து மறுமுனையில் வெளியே வந்தால், புகழ்பெற்ற ஓப்பரா அரங்கான லா ஸ்காலா. பலரும் அதைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்பார்கள். முகப்பு அவ்வளவு அடக்கமானது. எதிரே சதுக்கத்தின் நடுவில் நிற்கும் லியொனார்தோ டா வின்சி சிலைக்குத்தான் கூட்டம் அதிகம்.

1778 ஆகஸ்டில் திறந்த அரங்கு அது. 1943இல் குண்டுவீச்சில் சிதைந்து, 1946 மே மாதம் தோஸ்கனினி நடத்திய கச்சேரியோடு மறுபடி திறந்தது. அந்தக் கச்சேரியில் பாடிய இளம்பெண்தான் ரெனாத்தா தெபால்டி. எனக்குக் கட்டடத்தைவிட இப்படி அங்கே பாடிய பெண்கள் மேல்தான் ஆர்வம்.

லா ஸ்காலாவின் அருங்காட்சியகத்துக்குப் பக்கவாட்டில் தனி வாசல் உண்டு. ஒத்திகை நடக்காத நேரமாகப் பார்த்துப் போனால் ஒரு பாக்ஸிலிருந்து, அதாவது சுவரோரம் சிறு அறை போல அமைந்த இருக்கைப் பகுதியிலிருந்து, அரங்கின் உட்புறத்தை எட்டிப் பார்க்கலாம். நான்கு அடுக்கு பாக்ஸ், அதற்கு மேல் இரண்டு கேலரி. ஏறக்குறைய 2,000 பேர் உட்காரும் இடத்தில், வாத்தியக் குழு முழுவதையும் தாண்டி, மைக் இல்லாமல் ஒரு குரல் கடைசிக் கேலரி வரை போக வேண்டும். அந்தக் கேலரிக்காரர்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய பாடகியாக இருந்தாலும் ஊளையிட்டு விடுவார்கள்.

ரொஸ்ஸினி, பெல்லினி, தொனிசெத்தி, வெர்தி என இசையமைப்பாளர்களுக்கு அரங்குக்குள் சிலைகள் இருக்கின்றன. பாடகிகளைப் பார்க்க மாடிக்குப் போய் ஓவியங்களில் தேட வேண்டும். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. இந்த ஓப்பராக்களில் பாதி, குறிப்பிட்ட ஒரு பெண்ணின் சாரீரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அந்தப் பெண் இல்லையென்றால் அந்தப் பாட்டே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஜூதித்தா பாஸ்தாவின் ஓவியத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றேன். 1797இல் மிலானுக்குப் பக்கத்தில் சரோன்னோவில் பிறந்தவர். 1830 டிசம்பர் 26 அன்று தொனிசெத்தியின் 'அன்னா பொலேனா', 1831 மார்ச்சில் பெல்லினியின் 'லா சொன்னாம்புலா', அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று 'நோர்மா' என மூன்றிலும் நாயகியாக முதலில் பாடியவர் அவர்தான். முதல் இரண்டும் இதே ஊரின் கர்கானோ அரங்கில், மூன்றாவது லா ஸ்காலாவில். நோர்மாவின் 'காஸ்தா தீவா' இன்று உலகப் புகழ் பெற்ற பாட்டு. ஆனால் பாஸ்தா முதலில் அது தனக்கு ஒத்துவராது என்றாராம். ஒரு வாரம் தினமும் பாடிப் பாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன் என்று பெல்லினி சொன்னதாகக் கதை. முதல் இரவில் நோர்மா எடுபடவில்லை, பிறகுதான் பிடித்துக்கொண்டது. பாஸ்தாவின் குரல் எல்லா ஸ்தாயியிலும் ஒரே சீராக இருக்காது என்று அந்தக் காலத்து ரசிகர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியும் உருகியிருக்கிறார்கள்.

மரியா மாலிப்ரானும் அங்கே இருக்கிறார். லண்டனில் குதிரையிலிருந்து விழுந்து, அந்தக் காயத்தோடு மேடை ஏறிக்கொண்டே இருந்து, 1836இல் மான்செஸ்டரில் இறந்துபோனவர். வயது 28. வெனிஸில் அவர் பெயரில் ஒரு அரங்கு இன்றும் நடக்கிறது. ஒரு பாடகிக்கு அப்படியாவது மரியாதை கிடைத்ததே.

அப்புறம், கையில் 'நபுக்கோ' இசைப் பிரதியோடு ஒரு பெண். ஜுசெப்பீனா ஸ்த்ரெப்போனி. அவருக்காகத்தான் மெட்ரோ பிடித்தேன்.

டுவோமோவிலிருந்து சிவப்பு வழித்தடம். பகானோ நிலையத்தில் அது இரண்டாகப் பிரியும், ஆகவே ரோ பக்கம் போகும் வண்டியில் ஏறிப் புவோனரோத்தியில் இறங்குங்கள். மேலே வந்தால் சதுக்கத்தின் நடுவில் வெர்தி சிலை, அதற்கு நேரே 'காசா வெர்தி'. வயதான இசைக் கலைஞர்களுக்காக வெர்தி தன் பணத்தில் கட்டிய இல்லம். உயிரோடு இருக்கும்போது நன்றி சொல்ல யாரும் வரக்கூடாது என்று, தான் இறந்த பிறகே திறக்கச் சொன்னார். 1902 அக்டோபர் 10, அவருடைய பிறந்தநாளில் கலைஞர்கள் குடியேறினார்கள். இன்றும் அங்கே ஓய்வுபெற்ற பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வாழ்கிறார்கள். முற்றத்தைக் கடந்தால் கல்லறை மண்டபம். உள்ளே வெர்தியும் ஸ்த்ரெப்போனியும் பக்கத்தில் பக்கத்தில்.

ஸ்த்ரெப்போனியை வெர்தியின் மனைவி என்று ஒரே வரியில் முடித்து விடுவார்கள். அவர் 1815இல் லோதியில் பிறந்தவர். அப்பா மோன்சா தேவாலயத்தில் இசைக் கலைஞர், 1832இல் இறந்துவிட்டார். பத்தொன்பது வயதில் மேடை ஏறிய இந்தப் பெண்தான் அம்மாவையும் தம்பி தங்கைகளையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. இடைவிடாமல் பாடினார், வயிற்றில் குழந்தையோடும் பாடினார். திருமணம் ஆகாத அந்தக் காலத் தாய்க்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1842 மார்ச் 9 அன்று லா ஸ்காலாவில் 'நபுக்கோ' அரங்கேறியபோது அபிகாயில் பாத்திரம் அவருடையது. பாதாளத்துக்கும் உச்சத்துக்கும் குரலைத் தூக்கிப் போடும் பாத்திரம் அது. அப்போது அவருக்கு 26 வயதுதான், ஆனால் குரல் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. அந்த ஓப்பரா பருவத்தில் நபுக்கோ எட்டு முறை நடந்தது. அதே ஆண்டு பின்பாதியில் 57 முறை நடந்தபோது அந்த இடத்தில் வேறொரு பாடகி.

முப்பது வயதைத் தாண்டியதும் மேடையை விட்டுப் பாரிஸுக்குப் போய்ப் பாட்டு வாத்தியார் ஆனார். அங்கேதான் வெர்தியோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். வெர்தியின் ஊரான புசெத்தோவுக்கு இருவரும் வந்தபோது ஊர்க்காரர்கள் ஸ்த்ரெப்போனியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருமணம் 1859இல்தான், அதுவும் எங்கோ ஒரு சிற்றூர் தேவாலயத்தில், ஓசைப்படாமல். 1897இல் இறந்தார். 1901இல் இருவர் பெட்டிகளையும் இந்த மண்டபத்துக்குக் கொண்டு வந்தபோது தோஸ்கனினி தலைமையில் 800 பேர் வரை கூடி 'வா பென்சியெரோ' பாடினார்கள். அது நபுக்கோவில் வரும் பாட்டு. வெர்திக்கு நாடே செலுத்திய அஞ்சலி என்று எல்லாப் புத்தகமும் எழுதும். அந்த ஓப்பராவின் முதல் இரவில் தொண்டை கிழியப் பாடியவரும் அதே ஊர்வலத்தில்தானே போனார்?

வெளியே வந்து அதே தெருவில் கொஞ்சம் நடந்தால் 40ஆம் எண். 1950களில் ஓப்பரா பாடகி மரியா காலஸ் தன் கணவர் மெனெகினியோடு குடியிருந்த இடம். வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. நியூயார்க்கில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ஏதென்ஸில் எல்விரா தெ ஹிதால்கோவிடம் கற்று, 1947இல் வெரோனாவில் இத்தாலிக்கு அறிமுகமானவர். 1949 ஜனவரியில் வெனிஸில் வாக்னரின் கனமான பாத்திரம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தபோது, இன்னொரு பாடகிக்கு உடம்பு சரியில்லாமல் போக, பிருகாக்கள் கொட்டும் பெல்லினியின் 'இ புரித்தானி'யைச் சில நாட்களில் கற்றுக்கொண்டு பாடிவிட்டார். இரண்டையும் ஒரே தொண்டை பாடும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை.

லா ஸ்காலா நிர்வாகி கிரிங்கெல்லி அவரை நெடுநாள் இழுத்தடித்தார். கடைசியில் 1951 டிசம்பர் 7 அன்று லா ஸ்காலாவின் ஓப்பரா பருவத்தையே காலஸ்தான் தொடங்கி வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அருங்காட்சியக வாசல் இருக்கும் இடத்துக்கு இன்று கிரிங்கெல்லியின் பெயர்.

பாஸ்தா முதலில் பாடிய அந்த மூன்று நாயகிகளையும் காலஸ் லா ஸ்காலா மேடைக்குக் கொண்டு வந்தார். நோர்மா, சொன்னாம்புலா, 1957இல் அன்னா பொலேனா. கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய மறந்தே போயிருந்த ஓப்பரா. லண்டனில் 1952இல் அவர் நோர்மா பாடியபோது தோழி வேடத்தில் நின்ற ஜோன் சதர்லாந்து, பின்னாளில் இதே வகைப் பாட்டில் உச்சத்துக்குப் போனார். காலஸின் சண்டைகளையும் கப்பல் முதலாளி ஒனாசிஸுடனான காதல் கதையையும் மட்டும் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. தெபால்டியோடு அவருக்கு இருந்த போட்டியையும் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. 1968இல் நியூயார்க்கில், தெபால்டி பாடி முடித்ததும் மேடைக்குப் பின்னால் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார் காலஸ்.

மிலானில் அரை நாள்தான் கையில் இருக்கிறதென்றால் காலையில் அருங்காட்சியகம், அப்புறம் காசா வெர்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லறை மண்டபம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். போவதற்கு முன் 1955 மே மாதம் லா ஸ்காலாவில் காலஸ் பாடிய 'லா திராவியாத்தா' பதிவைக் கேளுங்கள். மேடையில் நேரடியாகப் பதிவானது, ஒலித்தரம் சுமார்தான். இருமல், கைதட்டல் எல்லாம் சேர்ந்தே வரும். பரவாயில்லை, நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள்.